கடலும் அனுமதிப்பத்திரமும்

கடற்கரையிலே பிறந்து வளர்ந்தோருக்குக் கடல் எல்லார்க்கும் பொது என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வலை வீசுவோனும், தோணி செலுத்துவோனும், மாலை வேளையிற் காற்று வாங்க வருவோனும் அதனைத் தத்தமக்குரியதாகவே கருதுகின்றனர். ஆயின், இவர்களுள் ஒருவன் அங்கே கூலி வாங்கித் தொழில் நடத்தப் புகுந்தவுடன் அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரம் தேவையாகிவிடுகின்றது. அப்பத்திரம் அவனுக்குத் தருவது யாது? எவராலும் பறிக்கவியலாத உரிமையா? அன்றி, அரசாங்கம் விரும்பும்வரை நிலைக்கும் சலுகையா? இவ்வினா பழமையானது. எனினும், அண்மைக் காலத்தில் இதனை மீண்டும் நீதிமன்றங்களின் முன்னே கொண்டுவந்து நிறுத்தியது ஒரு சிறிய இயந்திர ஊர்தி. அதனை உலகம் ஜெட்ஸ்கி என அழைக்கின்றது.

ஜெட்ஸ்கி என்பது ஜப்பானியக் கவாசாக்கி நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் விற்பனைக்கு விட்ட ஊர்தியின் வாணிகப் பெயர். நாளடைவில் அவ்வினத்தைச் சேர்ந்த ஊர்திகள் அனைத்துக்கும் அதுவே பெயராயிற்று. மோட்டார்ச் சைக்கிளில் அமர்வது போல அதன்மேல் அமர்ந்து கடலிற் பாயலாம். மற்றைப் படகுகளுக்குள்ள வெளிச்சுழலி இதற்கில்லை. அடியிலே நீரை உறிஞ்சிப் பின்புறக் குழாய்வழியாகப் பீறிட்டு உமிழும் விசையே இதனை முன்னே தள்ளுகின்றது. இவ்வமைப்பினால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. ஒன்று, பெரிய படகுகள் நுழைய அஞ்சும் ஆழமற்ற நீரிலும், பறவைகள் இரைதேடும் கரையோரத்திலும் இது தங்குதடையின்றிப் புகும். மற்றொன்று, விசையைக் குறைத்தால் நீர்ப்பாய்ச்சல் குறைய, அதனோடு திசைதிருப்பும் ஆற்றலும் குன்றிவிடும். எதிரே ஆபத்தைக் கண்டு திகைத்து விசையை விட்டுவிடும் புதியவன், விலக எண்ணிய இடத்திலேயே போய் மோத நேரிடும். வாடகைக்கு எடுத்து ஓட்டுவோருட் பலர் புதியவர்களே என்பதை நோக்குமிடத்து, இதற்கெனத் தனி விதிகள் தோன்றியமை வியப்பன்று. பழைய இருவீச்சு இயந்திரங்கள் எரிபொருளிற் கால்பங்கு வரை எரிக்காமலே நீரிற் கலக்கவிட்டன என்பதும் கவனிக்கத்தக்கது. பின்னர் வந்த நால்வீச்சு இயந்திரங்கள் அக்குறையைப் பெரிதும் நீக்கின. எனினும் வேகம் குறையவில்லை.

இவ்வூர்தி பற்றிய வழக்குகள் பெருகிய நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள். அங்கே மத்திய அரசாங்கமும் மாநில அரசாங்கங்களும் கடலையும் கப்பலையும் ஆளும் அதிகாரத்தைப் பங்கிட்டுக் கொண்டுள்ளன. ஆதலின், ஒருவர் கொடுத்த அனுமதியை மற்றொருவர் தடுக்கலாமா என்ற பிணக்கு அங்கே இயல்பாகவே எழுகின்றது. இதற்கு மூலமான தீர்ப்பு 1824ஆம் ஆண்டிலே பிறந்தது. நியூயோர்க் மாநிலம் தன் நீர்நிலைகளில் நீராவிப் படகு ஓட்டும் தனியுரிமையை லிவிங்ஸ்டன், புல்ட்டன் என்னும் இருவருக்கு வழங்கியிருந்தது. அவர்கள்வழி உரிமை பெற்றவர் ஆரன் ஒக்டன். அவருக்கு எதிராகத் தோமஸ் கிப்பன்ஸ் என்பவர் படகு செலுத்தினார். அவரிடம் இருந்தது 1793ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மத்திய அரசாங்கம் வழங்கிய கரையோரக் கப்பல் அனுமதிப்பத்திரம். தலைமை நீதியரசர் ஜோன் மார்ஷல், மத்திய அரசாங்கத்தின் அனுமதிக்கு முன்னே மாநிலத்தின் தனியுரிமை நில்லாது எனத் தீர்ப்பளித்தார். அன்று தொட்டு அந்நாட்டுப் படகுத் தொழிலாளர் பலர் அவ்வனுமதிப்பத்திரத்தைக் கேடயமாகக் கொண்டே மாநில விதிகளை எதிர்த்து வந்துள்ளனர்.

ஜெட்ஸ்கி வழக்குகளில் எழுந்த முதல் வினா, எம்மை மட்டும் தடுப்பது ஏன் என்பது. கலிபோர்னியாக் கரையோரத்தில் உள்ள மொன்ரரே விரிகுடாப் பகுதி 1992ஆம் ஆண்டிலே தேசியக் கடற் காப்பகமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. கடல் நீர்நாய்களும், சீல்களும், கடற்பறவைகளும், அடர்ந்த கடற்பாசிக் காடுகளும் செழிக்கும் இடம் அது. அங்கே ஜெட்ஸ்கிகள் நான்கு வலயங்களிலும், துறைமுகங்களிலிருந்து அவ்வலயங்களுக்குச் செல்லும் வழிகளிலும் மட்டுமே ஓடலாம் என விதிக்கப்பட்டது. இத்தொழிலின் சங்கம் வழக்காடியது. மீன்பிடிப் படகும் ஓசை எழுப்புகின்றது. உல்லாசப் படகும் விரைந்து செல்கின்றது. அவற்றுக்கில்லாத கட்டு எமக்கு மட்டும் ஏன் என்பதே அவர்களின் வாதம். கீழ்நீதிமன்றம் இதனை ஏற்றது. ஆயின், 1995ஆம் ஆண்டிலே மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. எல்லாத் தீங்குகளையும் ஒரே நாளிற் களைந்தாலன்றி ஒன்றையும் களையக்கூடாது என்று அரசாங்கத்துக்குக் கட்டளையில்லை. ஓரினத்து ஊர்தியால் விளையும் தனித்தன்மையான தீங்குக்குச் சான்றிருப்பின் அதனை முதலிலே கட்டுப்படுத்தலாம் என்பது அந்நீதிமன்றத்தின் முடிபு.

இரண்டாவது வினா, பணம் பெற்றுப் பதிவு செய்துவிட்டுப் பின்னர் தடுக்கலாமா என்பது. வோஷிங்டன் மாநிலத்தின் வடமேற்கு மூலையிற் சான் ஹுவான் தீவுகள் உள்ளன. அமைதிக்கும், ஓர்க்கா என்னும் கருப்பு வெள்ளைத் திமிங்கிலங்களுக்கும் பேர்பெற்றவை அத்தீவுகள். அவற்றை ஆளும் உள்ளூர்ச் சபை 1996ஆம் ஆண்டிலே தன் கடற்பகுதி முழுவதிலும், ஓர் ஏரியிலும் ஜெட்ஸ்கிகளைத் தடை செய்தது. அவற்றை ஓட்டுவோரும், வாடகைக்கு விடுவோரும், விற்போரும் வழக்குத் தொடுத்தனர். மாநிலம் எம்மிடம் கட்டணம் பெற்று ஊர்திகளைப் பதிவு செய்துள்ளது; மாநிலம் அனுமதித்ததை உள்ளூர்ச் சபை எவ்வாறு மறுக்கலாம் எனக் கேட்டனர். கடலும் பொதுச்சொத்தே, அதிற் செல்ல எமக்கும் பங்குண்டு எனவும் வாதாடினர். கீழ்நீதிமன்றம் அவர்கள் பக்கமே சாய்ந்தது.

1998ஆம் ஆண்டிலே வோஷிங்டன் மாநில மீயுயர் நீதிமன்றம் சபையின் தடையை நிலைநிறுத்தியது. பதிவு செய்தல் என்பது படகை ஓட்டுவதற்கு முன் நிறைவேற்றவேண்டிய ஒரு நிபந்தனை மாத்திரமே. எங்கும் எப்பொழுதும் ஓட்டலாம் என்ற கட்டற்ற உரிமை அதனாற் பிறப்பதில்லை என அது கூறிற்று. நேயர்கள் தத்தம் அனுபவத்தில் இதனை எளிதில் உணரலாம். மோட்டார் வண்டி ஓட்டும் அனுமதிப்பத்திரம் உள்ளது என்பதற்காக ஒருவன் கோயில் வீதியிலே தேரோடும் வேளையில் வண்டியைச் செலுத்தலாமா? பொதுச்சொத்து என்னும் வாதத்துக்கும் நீதிமன்றம் விடையளித்தது. நீரையும் உயிரினங்களையும் காப்பதற்காக எழுந்த பொதுநம்பிக்கைக் கோட்பாட்டினை, அவற்றுக்கே ஊறு செய்வதற்கு அரணாகக் கொள்ளுதல் பொருந்தாது என்பது அதன் கருத்து.

மூன்றாவது வினா, மேலான அரசாங்கத்தின் அனுமதி இருக்கும்போது மாநிலம் தடுக்கலாமா என்பது. இங்கே 1824ஆம் ஆண்டின் பழைய கேடயம் மீண்டும் கையில் எடுக்கப்பட்டது. ஹவாய் மாநிலத்து மாவி தீவின் மேற்கு, தெற்குக் கரையோர நீர், கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குளிர்காலத்தில் வந்து கன்று ஈனும் இடமாகும். ஆண்டுதோறும் டிசம்பர் 15 முதல் மே 15 வரை அங்கே ஜெட்ஸ்கிகளும், பயணியை வானக்குடையில் உயர்த்தி இழுத்துச் செல்லும் படகுகளும் ஓடலாகாது என மாநிலச் சட்டம் விதித்தது. வானக்குடைப் படகுத் தொழில் நடத்திய ஒரு நிறுவனம் இதனை எதிர்த்தது. மத்திய அரசாங்கத்தின் கரையோர அனுமதிப்பத்திரம் எம்மிடம் உண்டு. கடற் பாலூட்டிகளைப் பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரமும் மத்திய அரசாங்கத்துக்கே உரியது என அது வாதிட்டது. 2004ஆம் ஆண்டிலே மாவட்ட நீதிமன்றம் அந்நிறுவனத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

ஆயின், அவ்வாண்டின் இறுதியிலேயே அமெரிக்கக் காங்கிரஸ், கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் காக்கும்பொருட்டு ஹவாய் மாநிலம் தன் விதிகளைச் செயற்படுத்தலாம் எனச் சட்டத்திற் சேர்த்தது. அதனால் முந்திய தீர்ப்பு நீங்கியது. 2007ஆம் ஆண்டிலே ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றமும் தடையை உறுதிசெய்தது. மத்திய அனுமதிப்பத்திரம் பெற்ற படகும் நியாயமானவையும் பாரபட்சமற்றவையுமான பாதுகாப்பு விதிகளுக்கு அடங்கவேண்டும் என்பது 1977ஆம் ஆண்டிலே, வேர்ஜீனியா மாநிலத்து மீன்பிடி வழக்கொன்றில், அமெரிக்க மீயுயர் நீதிமன்றம் வகுத்த நெறி. அவ்வழக்கில் அந்நிய மாநிலத்தாரையும் அந்நிய நாட்டாரையும் விலக்கும் விதிகள் செல்லாதனவாயின. தனக்கு வேண்டியவனுக்குக் கதவைத் திறந்து மற்றவனுக்கு அடைத்தால் சட்டம் இடங்கொடாது; யாவருக்கும் ஒரே கதவை ஒரே காலத்தில் அடைத்தால் இடங்கொடுக்கும். மாவியில் நிகழ்ந்தது பின்னது.

இவற்றைக் கேட்போர், அரசாங்கம் எப்பொழுதும் வெல்லும் எனக் கருதிவிடக்கூடாது. தேசியப் பூங்காச் சேவையின் வரலாறு இதற்குச் சான்று. அச்சேவை 2000ஆம் ஆண்டிலே தன் பூங்காக்கள் பெரும்பாலானவற்றில் ஜெட்ஸ்கிகளைத் தடைசெய்து, 21 இடங்களுக்கு மட்டும் தவணை கொடுத்தது. சூழல் அமைப்பொன்று வழக்குத் தொடுத்ததன் பயனாக, ஒவ்வொரு பூங்காவும் தனித்தனியே ஆய்வு நடத்தி, தனிவிதி வகுத்த பின்னரே அனுமதி வழங்கவேண்டும் என 2001ஆம் ஆண்டிலே உடன்பாடு ஏற்பட்டது. மிச்சிக்கன் மாநிலத்துப் பிக்சர்ட் ரொக்ஸ் ஏரிக்கரையும், மெக்சிக்கோ வளைகுடாக் கரையோரத்துக் கல்ப் ஐலண்ட்ஸ் பூங்காவும் அவ்வாறு அனுமதி வழங்கின. ஆயின், அவ்வனுமதிகளுக்கு அடிப்படையான ஆய்வுகள் போதியனவல்ல என 2010ஆம் ஆண்டிலே நீதிமன்றம் கண்டு, அவற்றை மீளாய்வுக்குத் திருப்பியனுப்பியது. தடுக்கும் அரசாங்கமும் காரணம் காட்டவேண்டும். அனுமதிக்கும் அரசாங்கமும் காரணம் காட்டவேண்டும்.

இனி, மறுபக்கத்தையும் நோக்குதல் நீதி. கடன்பட்டு ஊர்திகள் வாங்கி, ஆட்களை அமர்த்தி, கட்டணம் செலுத்திப் பத்திரம் பெற்ற ஒருவன் ஒரு காலையிலே தன் தொழில் தடைசெய்யப்பட்டது எனக் கேள்வியுறின் அவன் நெஞ்சு எரியாதிருக்குமா? அவன் குற்றவாளியல்லன், விதியை மீறியவனுமல்லன். நேற்றுவரை அவனுடைய கட்டணத்தை மகிழ்ந்து பெற்ற அதிகாரிகளே இன்று அவன் தொழிலைத் தீங்கெனக் கூறுகின்றனர். சட்டம் அவனுக்கு எதிராகத் தீர்ப்பளிக்கலாம். ஆயினும், அவன் அடைந்த நட்டத்தின் ஒரு பங்கு, சிந்தியாமற் பத்திரம் வழங்கியோரின் கணக்கிலும் எழுதப்படவேண்டியது. முன்னே சொல்லாத நிபந்தனையைப் பின்னே சுமத்தும் நிருவாகம் வழக்குகளைத் தானே விதைக்கின்றது.

இதற்கு மாற்றுவழி ஒன்றுண்டு. ஹவாய் மாநிலத்திலேயே ஓவாகு தீவின் கனியோகே விரிகுடாவில் அது கையாளப்பட்டது. 1990ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி அவ்விரிகுடாவுக்கெனப் பெருந்திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. ஜெட்ஸ்கி, வானக்குடைப் படகு, கண்ணாடியடிப் படகு முதலாய ஒவ்வொரு தொழிலுக்கும் எத்தனை பத்திரம், எந்த இடம், எத்தனை பயணிகள் என்பன அத்திட்டத்தின் வழியே வரையறுக்கப்பட்டன. ஞாயிற்றுக்கிழமைகளிலும் மத்திய அரசாங்க விடுமுறை நாள்களிலும் வாணிகப் படகுத்தொழில் அங்கே நிறுத்தப்படும் எனவும் சட்டம் கூறிற்று. ஆறு நாள் பிழைப்புக்கும் ஒரு நாள் பொதுமக்களுக்கும் எனப் பங்கிட்ட முறை அது. குழந்தைகளோடு நீராட வரும் உள்ளூர்க் குடும்பம் அன்றைக்கு அஞ்சாமற் கடலில் இறங்கலாம். தொழில் செய்வோனும் தன் எல்லையை முதல்நாளே அறிந்துகொள்கின்றான். எல்லை அறிந்து முதலிடுவோன் ஏமாற்றப்பட்டேன் என வழக்கேறக் காரணம் குறைவு.

இவ்வழக்குகளை ஒருங்கே வைத்து நோக்கின், ஒரு தெளிவு பிறக்கின்றது. கடலில் வழங்கப்படும் அனுமதிப்பத்திரம் பலருக்குப் பொதுவான ஒன்றிலே ஒருவன் சிறிது காலம் பிழைத்துக்கொள்ள விடப்படும் இடம். அதனைப் பெறுவோன், அது நிபந்தனைக்குட்பட்டது என்பதை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். அதனை வழங்குவோர், ஆராய்ந்து வழங்குதலும், எவர்க்கும் ஒரே நீதி செய்தலும் வேண்டும். வழக்கு மன்றத்துக்கு வந்து தம் குறையைக் கூறவியலாத திமிங்கிலமும் நீர்நாயும் பறவையும் அக்கடலிலே பங்காளிகளாயுள்ளன. அவற்றின் பங்கையும் கணக்கிலே சேர்த்தபின் எஞ்சுவதையே மனிதர் தமக்குள் பகிர்ந்துகொள்ளலாம்.