பிள்ளைக்கு என்ன நேர்ந்தது?
(சங்கத்தின் பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



ஒரு பையன் திருட்டில் பிடிபட்டான், குண்டர் கும்பலில் சேர்ந்தான், போதைப்பொருள் வழக்கில் சிக்கினான் என்று செய்தி வந்தால் நம் வீடுகளில் இரண்டு பேச்சு எழும். "வளர்ப்புச் சரியில்லை" என்பது ஒன்று. "அது பிறவிக் குணம், திருத்த முடியாது" என்பது மற்றொன்று. தீர்ப்புச் சொன்னதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பவர் குறைவு.

அடி உதை, வீட்டில் ஓயாத சண்டை, பெற்றோரின் மணமுறிவு, தந்தை சிறைக்குப் போவது, வெளியே சொல்ல முடியாத பாலியல் தொல்லை. இவற்றுக்கு ஆளான பிள்ளையின் மனம் எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்தே இருக்கும். ஆசிரியர் சற்றுக் குரல் உயர்த்தினாலும் எதிர்த்து நிற்கும். அல்லது வகுப்பை விட்டு ஓடும். நாம் அதைத் திமிர் என்கிறோம். பல நேரங்களில் அது பயம்.

நம் குடும்பங்களில் கண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அத்தா சிங்கப்பூரில் உழைப்பார். பிள்ளை கடையநல்லூரிலோ தென்காசியிலோ பாட்டியிடம் வளரும். பத்துப் பன்னிரண்டு வயதில் இங்கே அழைத்து வருவார்கள். புதிய பள்ளி, புதிய மொழி, அதிகம் பழகாத அத்தா. பாட்டியைப் பிரிந்த துக்கத்தை யாரும் துக்கமாகவே எண்ணுவதில்லை. அந்தப் பிள்ளைக்குப் புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடும் கூட்டம் குடும்பம்போல் தோன்றினால் வியப்பென்ன?

இதற்காக, துன்பப்பட்ட பிள்ளையெல்லாம் குற்றவாளியாகும் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க ஆய்வாளர் கேத்தி விடம் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானவர்களில் 26 விழுக்காட்டினர் இளம்பருவத்தில் கைதாகியிருந்தனர். ஒப்பிட எடுத்துக்கொண்ட மற்றவர்களில் அது 17 விழுக்காடு. ஆபத்து கூடுகிறது, உண்மைதான். ஆனால் கொடுமைக்கு ஆளானவர்களிலும் 100-க்கு 74 பேர் அந்த வயதில் கைதாகவில்லை என்பதும் அதே கணக்கில் இருக்கிறது.

குணத்துக்குப் பங்கில்லையா? உண்டு. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972, 1973 ஆண்டுகளில் பிறந்த 1,037 பிள்ளைகளைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். பொறுமையும் தன்னடக்கமும் குறைந்த பிள்ளைகள், வளர்ந்தபின் குற்றத் தண்டனை பெறும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். வளர வளரத் தன்னடக்கம் கூடிய பிள்ளைகளின் வாழ்க்கை, எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைந்ததையும் கண்டார்கள். குணம் கல்லில் வெட்டிய எழுத்தன்று. முன்கோபமுள்ள பிள்ளையை அடித்து வளர்த்தால் கோபம் முற்றும். நிதானமாகப் பழக்கினால் அடங்கும்.

அப்படிப் பழக்குவது யார்? ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் குழுவினர் ஆராய்ந்தனர். வறுமை, குடும்பக் குழப்பம் எனப் பல துன்பங்களுக்கிடையே வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நல்ல மனிதர்களாகத் தலையெடுத்தனர். அவர்களுக்குப் பெரும்பாலும் பொதுவாக இருந்த ஒன்று, கைவிடாத ஒரு பெரியவர். தாய்தான் என்றில்லை, பாட்டியாகவோ மாமாவாகவோ ஆசிரியராகவோ இருக்கலாம்.

இது நமக்குப் புதிய செய்தியா? நம் நாயகம் (ஸல்) அவர்கள் பிறக்குமுன்னே தந்தையை இழந்தார்கள். ஆறு வயதில் தாயை, எட்டு வயதில் பாட்டனாரை இழந்தார்கள். பெரிய தந்தையார் அபூதாலிப் அரவணைத்தார். சிறுவராக நாயகத்திடம் பணிவிடைக்கு வந்த அனஸ் (ரலி), பத்தாண்டுகளில் ஒரு "சீ" என்ற சொல்கூடக் கேட்டதில்லை என்று பின்னாளில் சொன்னார்கள். யத்தீமை ஆதரிக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. தந்தை உயிரோடிருந்தும் தனித்துவிடப்பட்ட பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள்.

தவறு செய்த பிள்ளை அதற்குப் பொறுப்பேற்கத்தான் வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கும் நியாயம் வேண்டும். காரணத்தை அறிவது குற்றத்தை மன்னித்து ஒதுக்குவதற்காக அல்ல. அது மறுபடி நடக்காமல் தடுப்பதற்காக.

ஆகவே மூன்று வேண்டுகோள். பிள்ளையின் போக்கு திடீரென மாறினால், கையை ஓங்குமுன் உட்கார்ந்து கேளுங்கள். முதல் நாளே பதில் வராது, மறுநாளும் கேளுங்கள். இரண்டாவது, மானம் போய்விடும் என்று மறைக்காதீர்கள். பள்ளி ஆலோசகரும் வட்டாரக் குடும்பச் சேவை நிலையமும் அதற்காகவே இருக்கிறார்கள். "ஊருக்கு அனுப்பினால் சரியாகிவிடும்" என்று விமானம் ஏற்றிவிடுவது, ஏற்கெனவே பிரிவால் நொந்த பிள்ளைக்கு இன்னொரு பிரிவு.

மூன்றாவது சங்கத்துக்கு. கல்வி நிதியும் பரிசளிப்பும் நன்றாக நடக்கின்றன. பரிசு வாங்க மேடையேறாத பிள்ளைகளையும் தேடிப் போவோம். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பொறுப்பேற்போம். வழக்கு வந்த வீட்டிலிருந்து நாம் விலகி நின்றால், அந்தப் பிள்ளையை அழைத்துக்கொள்ளக் கும்பல் காத்திருக்கிறது. நாம் முந்திக்கொள்வோம். அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.