கற்றவளின் சம்மதம்



பல இடங்களிலிருந்து வந்து தங்கியவர்களால் மலையாளத்தோடு தமிழும் கொங்கணியும் குஜராத்தியும் கலந்து ஒலிக்கும் இந்த மட்டாஞ்சேரியில், கற்ற மாதரிடையே வேண்டாத கர்ப்பம் என்ற விஷயத்தை ஆராயக் கூடிய இச்சபைக்கு என்னைத் தலைமை வகிக்கப் பணித்தமைக்கு வந்தனம்.

காயலுக்கு அக்கரையில் எர்ணாகுளத்தில், 1971 ஜூலையில், அப்போதைய கலெக்டர் எஸ். கிருஷ்ணகுமாரின் முயற்சியால் நடந்த முகாமில் 63,418 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டார்கள். அவர்களில் ஏறக்குறைய அனைவரும் ஆண்கள். அவர்களுக்குப் பணமும் பொருளும் தரப்பட்டன என்பதும், வந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகளே என்பதும் மறக்கத் தக்கவையல்ல. ஆயினும், கர்ப்பத்தடை ஆடவனுக்கும் உரிய காரியம் என்பதை அம்முகாம் நாட்டுக்குக் காட்டிற்று. அதன்பின், நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாய அறுவைகள் விளைவித்த பயமும் சேர, ஆடவர் விலகிவிட்டனர். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் நூற்றுக்கு 37.9 பேர் அறுவை செய்துகொண்டிருக்க, கணவன் அறுவை செய்துகொண்ட குடும்பங்கள் நூற்றுக்கு 0.3 மட்டுமே. கல்வியில் முன்நிற்கும் கேரளமும் இதில் ஆறுதல் தருவதன்று.

அந்த 1971 ஆகஸ்டிலேயே பார்லிமெண்டு கருச்சிதைவுச் சட்டத்தை இயற்றிற்று. அதுவரை, உயிரைக் காக்கும் நிமித்தமன்றிக் கருவைச் சிதைத்துக்கொண்ட பெண், பீனல் கோடின் 312-வது பிரிவின்படி தானே குற்றவாளியாகக் கருதப்பட்டாள். கருத்தடைச் சாதனம் பயனற்றுப்போனால் கருவைக் கலைக்கலாம் என்ற சலுகையையும் முதலில் மணமானவளுக்கே அளித்து, 2021-இல்தான் அந்த வேற்றுமையைச் சட்டம் நீக்கிற்று. 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் மணமாகாதவளின் உரிமையை உறுதி செய்தது.

கருவைக் கலைக்க, பதினெட்டு வயது நிரம்பிய, சித்தசுவாதீனமுள்ள பெண்ணின் சம்மதத்தைத் தவிர வேறொருவர் சம்மதம் தேவையில்லை. கணவன் கையொப்பத்தைச் சட்டம் கேட்கவில்லை. இருந்தும் அதைக் கேட்கும் ஆஸ்பத்திரிகள் உண்டு. பட்டம் பெற்றவளும் அங்கே தலைகுனிந்து, பின்பு ஒருவருக்கும் தெரியாமல் மருந்துக்கடையை நாடுகிறாள். 2015-இல் இந்நாட்டில் நிகழ்ந்த கருச்சிதைவுகள் சுமார் 1 கோடியே 56 லட்சம் என்றும், அவற்றுள் நூற்றுக்கு 73 ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரைகளால் ஆனவை என்றும் ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டனர். தக்க காலத்தில் தக்க அளவில் உட்கொண்டால் அம்மாத்திரைகள் நல்ல மருந்துகளே; ஆனால் கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருந்தால் அவை உதவா, கண்டுபிடிப்பதில் தாமதம் நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து; அதனை அவளுக்கு எடுத்துரைக்க அங்கே வைத்தியர் இல்லை. இவளிடம் அறிவுக் குறைவு என்று பேசுவது எனக்குச் சிறிதும் சம்மதமன்று. அறிந்ததைச் செய்யவிடாத வீடும், சட்டத்துக்கு மேல் ஒரு கையொப்பம் கேட்கும் வைத்தியசாலையுமே அவளைத் தனிமையில் தள்ளுகின்றன.

ஆகவே, பெண்ணின் மனப்பாங்கை ஆராயும் கட்டுரைகளோடு, கற்ற கணவன்மார் ஏன் கருத்தடைக்கு முன்வருவதில்லை என்ற வினாவையும் இங்குள்ள ஆண் அறிஞர்கள் ஏற்று விவாதிக்க வேண்டுமென்றும், வைத்திய நண்பர்கள் தத்தம் ஆஸ்பத்திரியின் சம்மதப் படிவத்தைச் சட்டத்தோடு ஒப்பிட்டு நாளைய அமர்வுக்குக் கொணர வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டு, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.