நானும் வண்டி ஓட்டுகிறேன்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

பேப்பரைப் பார்த்துத்தான் படிப்பேன். முகங்களைப் பார்த்தால் எனக்குப் பேச்சு நின்றுவிடும். மைக் சத்தத்தைக் குறைத்து வைத்ததற்கு நன்றி.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறேன். எனக்கு ஆட்டிசம். 22 வயதில்தான் டாக்டர் பெயர் சொன்னார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிற 21 வகைகளில் இதுவும் ஒன்று. அரசாங்கத் தமிழில் ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயர் எனக்குப் பொருந்தவில்லை. வெளியுலகம் எனக்கு அளவுக்கு மீறியே தெரிகிறது. ஹாரன், டேனரி நாற்றம், பக்கத்தில் நிற்பவரின் பவுடர் வாசம் எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே பலத்தோடு வரும். கூடவே பதட்டம்.

கம்பெனி பஸ்ஸில் நெருக்கியடித்து நின்று போய் இறங்கும்போதே கை நடுங்கும். மாசத்தில் ஏழெட்டு நாள் லீவு. ‘இப்படியே போனா வேலைக்கு வர வேணாம்’னு சொல்லிட்டாங்க. ஸ்கூட்டர் என்றால் தனியாகப் போகலாம், ஹெல்மெட் சத்தத்தைக் கொஞ்சம் அடைக்கும். அதனால்தான் சங்கத்தில் உள்கடன் கேட்டேன்.

அன்றைக்கு நடந்த வாக்குவாதம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ‘கடன் குடுக்கலாம், விழுந்தா யாரு பொறுப்பு?’ நியாயமான கேள்விதான், எங்க அம்மாவும் அதையே கேட்டாங்க. ஊக்குநர் அக்கா புதுக்கோட்டைக் கதையைச் சொன்னாங்க. 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்களே, அந்தக் கதை. நான் லைசென்ஸுக்கான படிவம் 1-ஐக் கொண்டுபோனேன். வலிப்பு, திடீர் மயக்கம் உண்டா, 25 மீட்டரில் நம்பர் பிளேட் தெரியுமா, சிவப்பு பச்சை பிரித்தறிய முடியுமா என்று கேட்கிறது. ஆட்டிசம் என்ற பெயரே அதில் இல்லை. ஆனால் மற்றவர்களுக்கு ஆபத்தாகும் வேறு நோயோ குறைபாடோ உண்டா என்று ஒரு கேள்வி உண்டு. அதற்கு நானாக ‘இல்லை’ என்று எழுதவில்லை. டாக்டரிடம் கேட்டு எழுதினேன்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில், புதிதாக லைசென்ஸ் வாங்கிய ஆட்டிசம் உள்ள இளைஞர்களைப் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனைக்காரர்கள் ஆராய்ந்து 2021-ல் எழுதினார்களாம். மற்றவர்களைவிட இவர்கள் அதிகம் மோதவில்லை. வேகத்தால் வரும் விபத்து குறைவு. ஆனால் இடது பக்கம் திரும்பும்போது மோதுவது கூடுதல். அங்கே வண்டி வலது ஓரம் போகும், அதனால் அவர்களுக்கு இடது என்பது நமக்கு வலது. எதிரே வருகிற வண்டிகளைத் தாண்டித் திரும்ப வேண்டிய இடம். என் பயமும் சரியாக அந்த இடத்தில்தான் இருந்தது.

முதலில் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். மூன்று நாள்தான். பின்னால் உட்கார்ந்து ‘பிரேக் புடி, இண்டிகேட்டர் போடு, முன்னால பாரு’ என்று மூன்றையும் ஒரே மூச்சில் கத்தினால் எனக்கு ஒன்றுமே கேட்காது. அப்புறம் ஊக்குநர் அக்கா சொல்லிக்கொடுத்தாங்க. ஷூ அப்பரை யாரும் ஒரே அடியாகத் தைப்பதில்லை. கட்டிங், ஸ்கைவிங், ஒட்டு, அப்புறம்தான் தையல். வண்டியையும் அப்படிப் பிரித்தோம். முதல் இரண்டு ஞாயிறு எஞ்சினே போடவில்லை; தள்ளிக்கொண்டு போய் பிரேக் பிடிப்பது மட்டும். ‘போ, மெதுவா, நில்லு’ இந்த மூன்று வார்த்தைதான் அக்கா சொல்லணும், தோளைத் தொடக்கூடாது. இதை முதலிலேயே பேசிக்கொண்டோம். பிறகு பேர்ணாம்பட்டு ரோட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வலது பக்கம் திரும்புகிறவர்களை மட்டும் பார்த்தோம். புத்தகத்தில் இருக்கிற மாதிரி ஒருத்தரும் ஓட்டவில்லை! எனக்கு அதுதான் பெரிய கஷ்டம். அதனால் சொந்தமாக நோட்டில் எழுதி வைத்தேன்: ராங் சைடில் வண்டி வந்தால் நான் நிற்பேன். வலது பக்கம் போகணும் என்றால் இடது ஓரம் நிறுத்தி, இறங்கி, ரோடு காலியானதும் தள்ளிக்கொண்டே கடப்பேன். பதட்டம் ஏறினால் ஓரம் கட்டி, சாவியை எடுத்து, நூறு எண்ணுவேன். பின்னால் ஹாரன் அடிப்பாங்க. அடிக்கட்டும்.

எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் ஆனால் டெஸ்டுக்குப் போகலாம், 6 மாசம் வரை செல்லும். நான் ஐந்தாவது மாசம் போனேன். எட்டு போடுவது சுலபம். கோடு இடம் மாறாது, எதிரே யாரும் வரமாட்டாங்க. அந்த ஆபீஸ் கூட்டத்தில் காத்திருந்ததுதான் பரீட்சை.

இப்போது வீட்டிலிருந்து கம்பெனிக்கு ஒரே வழியில் போய்வருகிறேன். ஹைவேக்குப் போவதில்லை, போகவும் மாட்டேன். போன மூணு மாசத்தில் லீவு இரண்டே நாள். கடனில் நாலு தவணை பாக்கி.

என்னை மாதிரிப் பிள்ளைகள் தங்கள் வீட்டிலும் இருப்பதாக இரண்டு அம்மாக்கள் சொன்னாங்க. ஞாயிறு காலை ஆறரைக்கு ஸ்கூல் கிரவுண்டில் இருப்பேன். ஒரு வாரத்துக்கு ஒருத்தர் மட்டும் வாங்க. கூட்டமா வந்தா நான் கிளம்பிடுவேன்.