வந்தியின் பங்கு

வைகை பெருகியபோது, வீட்டுக்கு ஓராள் கரையடைக்க வரவேண்டும் என்றான் பாண்டியன். ஆளற்ற மூதாட்டி வந்தி கலங்கினாள். சோமசுந்தரப் பெருமான் கூலியாளாய் வந்து அவள் பங்கு மண்ணைச் சுமந்தான் என்று திருவிளையாடற் புராணம் கூறும். பெருமான் பொன் வழங்கினானல்லன். அவளுக்கு எது குறையோ, அந்த ஓர் ஆளாகத் தானே வந்தான். உதிர்ந்த பிட்டைக் கூலியாக ஏற்று அவள் மானத்தையும் காத்தான். யாம் இன்று சிந்திப்பது இதனையே.

2004 டிசம்பர் 26, மார்கழிப் பௌர்ணமி. நம் நாஞ்சில் நாட்டுக்கு அணித்தான குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய கரையூர்களை ஆழிப்பேரலை சூறையாடியது. மணக்குடிப் பாலமும் அடியுண்டு போயிற்று. கொந்தளித்த அக்கடலிலேயே வள்ளம் செலுத்தி, விவேகானந்தர் பாறையில் சிக்குண்டோரைக் கரை சேர்த்தவர்கள் மீனவர்களே. உள்ளூர்களிலிருந்து பலர் சோறு பொங்கிக் கொணர்ந்தனர். இடிபாடுகளில் உடல் தேடினர். கரையூரார் பெரும்பாலோர் கிறித்தவர். பசித்த வயிற்றுக்குச் சமயம் ஏது?

அந்நாளில் தமிழகக் கரையோரங்களில் வேறொன்றும் கண்டோம். உடுக்கவியலாப் பழந்துணிகள் தெருவோரம் குவிந்து கிடந்தன. அவற்றை அனுப்பியோர் தம் வீட்டுச் சுமையை இறக்கினர். பிறர் சுமையைத் தாங்கினாரல்லர்.

ஆதலின் அன்பர்களே, துயருற்ற வீட்டுக்குச் சென்றால், “இங்கே அடைபடாத பங்கு எது?” என்று முதலில் வினவுவோம். அதனையே செய்வோம். அவர்கள் அன்பொடு நீட்டும் ஒரு குவளை நீரை மறாது ஏற்போம். அதுவே நமக்குப் பிட்டு.

திருச்சிற்றம்பலம்.