பாரமும் ஏற்றமும்: துவிச்சக்கரவண்டியின் பற்சில்லுகள்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவில், மாவனல்லையைக் கடந்ததும் கடுகண்ணாவை ஏற்றம் எதிர்ப்படுகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில், 1820களில், காப்டன் டோசன் என்னும் பொறியியலாளர் சமைத்த பாதை இது. அவர் நினைவுக் கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. பாரம் ஏற்றிய துவிச்சக்கரவண்டியில் தூரப் பயணம் செய்வோருக்கு இவ்வேற்றம் ஒரு பரீட்சை. நடுவழியில் இறங்கி வண்டியைத் தள்ளுபவரைப் பலவீனர் என்று எண்ணலாகாது. குறை பெரும்பாலும் காலில் இல்லை, பற்சில்லில் இருக்கிறது.

கணக்கு எளியது. முன்சில்லில் 48 பற்களும் பின்சில்லில் 18 பற்களும் உள்ள, 28 அங்குலச் சக்கரம் பூட்டிய வண்டி, மிதி ஒருமுறை சுழல ஏறத்தாழ 6 மீற்றர் முன்செல்லும். சமதரையில் நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால், மணிக்கு 21 கிலோமீற்றர் போகலாம். ஆனால் ஏற்றத்தில் வேகம் 8 கிலோமீற்றராகக் குறைந்ததும், மிதி நிமிடத்துக்கு 22 சுற்றே சுழல்கிறது. ஒவ்வொரு மிதிப்பிலும் முழு உடற்பாரத்தையும் செலுத்த வேண்டியிருப்பதால் முழங்கால் நோகிறது.

இதற்கு மாறாக, முன்னே 24 பற்களும் பின்னே 32 பற்களும் இருக்குமாயின், ஒரு சுற்றுக்கு 1.7 மீற்றர் அளவே வண்டி நகரும். அறுபது சுற்று மிதிப்பவர் மணிக்கு 6 கிலோமீற்றர் வேகத்தில், மூச்சு வாங்காமல் மேலேறுவார். நடப்பவரினும் சற்றே விரைவு. ஆயினும் அவர் இறங்கவேண்டியதில்லை.

பிரான்சு நாட்டில், வெலோசியோ என்ற புனைபெயர் கொண்ட போல் த விவி, மலைப்பாதைகளில் கியர் மாற்றும் வண்டிகளின் பயனை இடைவிடாது எடுத்துரைத்தார். எனினும் புகழ்பெற்ற பிரெஞ்சுச் சுற்றுப்போட்டியில் பின்சில்லுக் கியர்மாற்றிகள் 1937இல்தான் அனுமதிக்கப்பட்டன. பெருமிதம் பல காலம் அறிவைத் தடுத்ததற்கு இஃதொரு சான்று.

ஆகவே, கியரைத் தெரிவு செய்வோர் சமதரை வேகத்தை முதலில் நோக்காது, வழியிலுள்ள மிகக் கடிய ஏற்றத்தையும் தாம் சுமக்கும் பாரத்தையும் முதலில் நோக்குதல் வேண்டும். இறக்கத்தில் மிதியாமலும் செல்லலாம். ஏற்றத்தில் அது இயலாது. பழைய ஒற்றைக்கியர் வண்டி வைத்திருப்போர், பின்சில்லை 22 பற்களுடையதாக மாற்றி, சங்கிலியின் நீளத்தையும் அதற்கேற்பத் திருத்திக்கொண்டால், மிதிப்பின் கடுமை ஐந்திலொரு பங்களவு குறையும். மூன்று கியர்க் குடம் பூட்டினால், கீழ்க்கியரில் கால்பங்கு குறையும்.

சிறிய மாற்றமே, அன்றாடம் சுமையோடு ஏறுவோரின் முழங்காலுக்கு அதுவே பெரும் ஆறுதல்.