தாயின் கருவில் ஆறு அடுக்குகள்

(பாப்பிரெட்டிப்பட்டியில், கர்ப்பிணித் தாய்மார் ஊழியத்தைத் தாங்குவோர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



மனிதன் கருவில் உருவாகும் அதிசயத்தை 139-ஆம் சங்கீதத்தில் பலமுறை வாசித்திருக்கிறோம். அந்த அதிசயத்தில் ஒரு சிறு பகுதியை இன்று தியானிப்போம்.

மூளையின்மேல் போர்வைபோல ஒரு சாம்பல் நிறப் படலம் உண்டு. பெருமூளைப் புறணி என்பது அதன் பெயர். கனம் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். அதற்குள் ஏறத்தாழ 1,600 கோடி நரம்பு செல்கள், பெரும்பாலும் ஆறு அடுக்குகளாக அமைந்திருக்கின்றன. 4-ஆம் அடுக்கின் சிறிய செல்கள் கண், காது, தோல் அனுப்பும் செய்திகளைப் பெறுகின்றன. 5-ஆம் அடுக்கின் கூம்பு வடிவப் பெரிய செல்கள் கை கால்களுக்குக் கட்டளை அனுப்புகின்றன. 2, 3-ஆம் அடுக்குகள் மூளையின் ஒரு பகுதியை மற்றொன்றோடு இணைக்கின்றன.

இவை உருவாகும் விதம் இன்னும் வியப்பானது. செல்கள் மூளையின் உட்புறத்தில் பிறக்கின்றன. கொழுகொம்பைப் பற்றி ஏறும் வெற்றிலைக் கொடிபோல, மெல்லிய இழைகளைப் பற்றி மேலே வருகின்றன. முதலில் வந்தவை அடியில் தங்குகின்றன. பின்னால் வந்தவை அவற்றைக் கடந்து மேலே அமர்கின்றன. ஆறாம் மாத முடிவுக்குள் பெரும்பாலான செல்கள் தங்கள் இடத்தைச் சேர்ந்துவிடும்.

இந்தக் காலத்து மூளையைச் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆராய்ச்சி மையம் படமாக்கியது. ஐந்து கருச்சிசுக்களின் மூளைகளிலிருந்து 5,132 மெல்லிய வெட்டுகள் எடுத்து, 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகமெங்கும் இலவசமாகக் காணத் தந்தார்கள்.

நமது பாரம் இதுதான். சித்தேரி மலை ஊர்களிலிருந்து சில தாய்மார் ஏழாம் மாதத்தில்தான் எங்களிடம் முதன்முறை வருகிறார்கள். அதற்குள் அடுக்குகள் அமைந்துவிடுகின்றன! முதல் மாதங்களில் சிசுவுக்கு வேண்டிய தைராய்டு சுரப்பு தாயிடமிருந்தே வரவேண்டும். அதற்கு அயோடின் தேவை. குறைந்தால் மூளை வளர்ச்சி குன்றும். ஃபோலிக் அமில மாத்திரையோ, கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டியது. ஏழாம் மாதத்தில் எவ்வளவு அன்பாகக் கொடுத்தாலும், கடந்த அந்த மாதங்களை நாம் திரும்பக் கொடுக்க முடியாது.

ஆகவே, தாய்மார் இறங்கி வரும்வரை காத்திராமல் நர்ஸ்மார் மலைக்கு ஏறிச் செல்ல வேண்டும். புதிதாய் மணமான பெண்களைச் சந்திக்க வேண்டும். அயோடின் உப்பும் மாத்திரையும் விலை குறைந்தவைதான்; காலத்தில் போய்ச் சேருவதே அரிது. உங்கள் காணிக்கை அந்தப் பயணத்தைத் தாங்குகிறது. பிறவாத அந்தப் பிள்ளைகளை உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.