வீட்டுப் பணியாளரும் நம் பிள்ளைகளும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஓட்டு வீட்டுத் திண்ணையில், ஒற்றைக் குழல்விளக்கின் கீழே, பதினொரு பிள்ளைகளை அமர்த்தி இச்சங்கத்தின் மாலை வகுப்பு தொடங்கியது. அப்பதினொருவரில் சிலர் இன்று அரசு அலுவலர்களாய் இம்மன்றத்தில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களைப் பாராட்டுதற்கு இம்மேடையில் பலர் உளர். அப்பணியை அவர்களிடம் விட்டுவிடுகிறோம். படிப்பும் பதவியும் நம் வீட்டு வாயில் வழியே நுழைந்தபோது அவற்றின் பின்னால் ஓசையின்றி நுழைந்துவிட்ட ஒன்றைப் பற்றியே பேச விரும்புகிறோம். "விழா மேடையில் இதைப் பேச வேண்டுமா?" என்று நம் துணைவியார் முதலில் தடுத்தார். இரண்டு நாள் கழித்து அவரே, "பேசிவிட்டு வாருங்கள்" என்றார்.

நாம் எட்டு வயதுச் சிறுவனாய் இருந்த காலத்தில் நம் அன்னையார் ஊரில் ஒரு நிலக்கிழார் வீட்டில் வேலை செய்துவந்தார். தொழுவம் கூட்டுவது, சாணம் அள்ளுவது, கொல்லைப்புறத்தில் பாத்திரம் துலக்குவது ஆகியவை அவர் பணிகள். கூலி மாதத்துக்கு இரண்டு மரக்கால் நெல்லும், மிஞ்சிய பழைய சோறும். பள்ளி இல்லாத நாட்களில் நாமும் உடன் செல்வோம். அவ்வீட்டில் நம் வயதுடைய ஒரு பையன் இருந்தான். பெரியவர்கள் பகலுறக்கம் கொள்ளும் வேளையில் வைக்கோற்போரின் மறைவில் நாங்கள் இருவரும் பம்பரம் விடுவோம். வாய்க்காலில் வளை கண்டு நண்டு பிடிக்கும் வித்தையை நாம் அவனுக்குக் கற்றுக்கொடுத்தோம். அவன் தன் அண்ணனின் பழைய பாடநூலைக் கொண்டுவந்து நமக்குப் படங்களைக் காட்டினான். நாம் நம் அன்னையாரை "ஆத்தா" என்று அழைப்பது கேட்டு அவனும் "ஆத்தா" என்றே அழைப்பான்.

ஒரு கோடை நாளில் இருவர்க்கும் கடுமையான நீர்வேட்கை. அன்னையார்க்கென அலுமினியக் குவளை ஒன்று தொழுவத்துக் கூரையில் செருகப்பட்டிருக்கும். அவனுக்கு அது எட்டவில்லை. உள்ளே ஓடிப் பித்தளைச் செம்பில் நீர் கொண்டுவந்தான். அவன் குடித்த செம்பிலேயே நாமும் குடித்தோம். அதைப் பாட்டியார் பார்த்துவிட்டார். நம்மை அவர் அடிக்கவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. அச்செம்பு புளியிட்டுத் துலக்கப்பட்டு, வைக்கோல் நெருப்பில் காட்டப்பட்டது. பையன் கிணற்றடியில் குளிப்பாட்டப்பட்டான். அவ்வளவே நடந்தது.

மறுநாள் காலையில் அவன் தொழுவத்து வாயிலில் நின்றுகொண்டு, நம் அன்னையாரைப் பெயர் சொல்லி, "ஏய், இங்கே வா" என்றான். அன்னையார் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "இதோ வந்தேன் சின்னையா" என்றார்.

அவன்மீது நமக்கு அன்றும் சினமில்லை, இன்றும் இல்லை. ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கடந்த பின்னர் நம்மை வியக்கவைப்பது வேறொன்று. பதினாறாம் வாய்பாட்டை ஒரு வகுப்புக்குக் கற்பிக்க நமக்கு ஒரு திங்கள் வேண்டியிருக்கிறது. அதிலும் பாதிப் பேர் கோடை விடுமுறையில் மறந்துவிடுகின்றனர். ஆனால் தனக்கு மேலோர் யார், கீழோர் யார் என்னும் பாடத்தை ஒரு குழந்தை ஓர் இரவில் கற்றுவிடுகிறது. அதற்குக் கரும்பலகை வேண்டியதில்லை. ஒரு செம்பு போதுமானதாய் இருந்தது.

வீட்டு வேலை செய்வோர் அறிவில் குறைந்தோர் என்னும் எண்ணம் நம்மவரிடையேயும் பரவியிருக்கிறது. இளைஞர்களுக்கு ஒரு செய்தியை இங்கே சொல்லவேண்டும். அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன் என்பார் ஆரிங்டன் என்னும் வெள்ளைக்காரத் துரையின் வீட்டில் பட்லராய்ப் பணிபுரிந்தவர். அவர் தம் இல்லத்திலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியைத் துரையிடம் கொடுக்க, அது எல்லிஸ் துரையின் கைக்குச் சென்று அச்சேறுதற்கு உதவியது என்று பண்டிதர் தாமே எழுதியிருக்கிறார். துரைக்குச் சோறு பரிமாறிய கை, குறள் ஏட்டைக் காத்த கையாகவும் இருந்தது.

முல்க் ராஜ் ஆனந்த் 1936இல் வெளியிட்ட 'கூலி' என்னும் ஆங்கில நாவலையும் இங்கே நினைவூட்டலாம். நூலகத்தில் கிடைத்தால் இளைஞர்கள் படிக்கவேண்டும். காங்கிரா மலைநாட்டைச் சேர்ந்த முன்னு என்னும் அநாதைச் சிறுவன் வங்கி ஊழியர் ஒருவரின் வீட்டில் வேலைக்கு அமர்த்தப்படுகிறான். அவ்வீட்டுச் சிறுமியரோடு விளையாட அவனுக்கு ஆசை. குரங்கைப் போல ஆடிக் காட்டி அவர்களைச் சிரிக்கவைக்கிறான். ஒருநாள் அவ்விளையாட்டின் வேகத்தில் மூத்த பெண்ணின் கன்னத்தைக் கடித்துவிடுகிறான். அடியும் உதையும் பட்டு வீட்டை விட்டு ஓடிப்போகிறான். இதில் நாம் கருதவேண்டியது, முன்னு தாழ்த்தப்பட்டவன் அல்லன் என்பது. அவன் ராசபுத்திரன், சாதி கணக்கில் உயர்ந்தவனே. ஆயினும் வேலைக்காரன் என்னும் ஒரே காரணத்தால் பிள்ளைகளோடு சிரிக்கும் உரிமை அவனுக்கு இல்லாமற் போயிற்று. சாதி இல்லாத இடத்திலும் அதன் வேலையை வர்க்கம் செய்துமுடிக்கும் என்பதை இந்நாவலில் காண்கிறோம்.

இந்நாவலை நாம் கல்லூரியில் படித்தபோது அவ்வங்கி ஊழியர்மீது மிகுந்த வெறுப்புக் கொண்டோம். அவர் நம் வீட்டிலேயே ஒருநாள் குடிபுகுவார் என்று நினைக்கவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருகிறோம். நாமும் துணைவியாரும் பணியில் இருப்பவர்கள். மகனும் மருமகளும் அவ்வாறே. பாத்திரம் துலக்கவும் வீடு துடைக்கவும் ஓர் அம்மையார் வருகிறார். அவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவரே. நாம் பிறந்த தெருவைப் போன்றதொரு தெருவிலிருந்து வருகிறார். ஒன்பது வயதான மகளைத் தனியே விட இயலாமல் சனிக்கிழமைகளில் உடன் அழைத்துவருவார். நம் பெயர்த்திக்கு வயது ஆறு. அச்சிறுமி அவளுக்கு அஞ்சாங்கல் ஆடக் கற்றுக்கொடுத்தாள். "அக்கா எப்போது வருவாள்?" என்று நம் பெயர்த்தி வெள்ளிக்கிழமை மாலையிலிருந்தே கேட்கத் தொடங்கிவிடுவாள்.

ஒருநாள் பெயர்த்தி தன் பால் டம்ளரை அச்சிறுமியிடம் கொடுத்து, பாதி நீ குடி, பாதி நான் குடிக்கிறேன் என்றாள். துணைவியார் அதைப் பார்த்து, "அவளுக்கு வேறு டம்ளர் இருக்கிறது அம்மா" என்று மென்மையாகவே சொல்லி, அடுக்களை மூலையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துவந்தார். பிற டம்ளர்களோடு கலந்துவிடாதிருக்க அதன் அடியில் நகப்பூச்சினால் ஒரு சிவப்புப் புள்ளி இடப்பட்டிருந்தது. மருமகள் தன் பங்குக்கு, "அக்கா என்று கூப்பிடவேண்டாம், பேர் சொல்லிக் கூப்பிடு" என்றாள். நாம் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தோம். எல்லாம் நம் செவியில் விழுந்தது. ஏப்ரல் 14 தோறும் மேடையேறி முழங்கும் நாம் அப்போது வாய் திறக்கவில்லை. இக்கதையில் மிகப் பெரிய குற்றம் அதுவே என்று கருதுகிறோம்.

இரண்டு வாரம் சென்றது. சனிக்கிழமை நண்பகல் இருவரும் கூடத்தில் மரச்சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தனர். பெயர்த்தி சோபாவின்மேல் அமர்ந்திருந்தாள், அச்சிறுமி தரையில். பெயர்த்தி வீட்டுக்காரம்மா, அச்சிறுமி வேலைக்காரி. சொப்புகளைத் துலக்கி அடுக்கச் சொல்லி ஆணை பிறந்துகொண்டிருந்தது. அச்சிறுமி தன் தாய் செய்வதைப் போலவே கையை வளைத்துத் துலக்கினாள். அருகில் சென்று பார்த்தோம். விரலளவுள்ள சொப்புக் குவளை ஒன்று மட்டும் தனியே வைக்கப்பட்டிருந்தது. அதன் அடியில் வண்ணப் பேனாவால் ஒரு சிவப்புப் புள்ளி.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாய் எவரிடமும் சொல்லாதிருந்த செம்பின் கதையை அன்று இரவு உணவின்போது வீட்டாரிடம் சொன்னோம். மருமகள் முதலில், "நோய்த்தொற்றுக்கு அஞ்சித்தான், 2020இல் வந்த பழக்கம்" என்றாள். அஞ்சுவது தவறன்று. ஆனால் வீட்டிலுள்ள எல்லா டம்ளர்களையும் நாள்தோறும் துலக்கி அடுக்குபவை அவ்வம்மையாரின் கைகளே அன்றோ? அக்கைகள் பட்ட டம்ளரில் நாம் குடிக்கலாம், அவர் வாய் பட்ட டம்ளரில் குடிக்கலாகாது என்பது எந்த மருத்துவ நூலில் கண்ட விதி? நம் அன்னையார் துலக்கிய பாத்திரங்களிலேதான் அந்நிலக்கிழார் வீட்டார் உண்டனர். அவர்கள் தீட்டு என்றனர். நாம் கிருமி என்கிறோம். துணைவியார் ஒன்றும் பேசாமல் எழுந்து அடுக்களைக்குள் சென்றார்.

மேல்படியில் இருப்பவன் மிதிப்பதைப் பற்றி மட்டும் அண்ணல் அம்பேத்கர் பேசவில்லை. ஒவ்வொருவனும் தனக்குக் கீழே ஒருவனைத் தேடிக்கொள்ளும் படிநிலை ஏற்றத்தாழ்வே இச்சமூகத்தின் நோய் என்று விளக்கினார். சாத்தாராவில் கோணிப்பையின்மீது அமர்ந்து படித்த பிள்ளை அவர். பள்ளியில் ஏவலர் நீர் ஊற்றினாலன்றித் தாகம் தீர்த்துக்கொள்ள இயலாதிருந்த பிள்ளை. 1956ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் ஆக்ராவில் பேசியபோது, படித்தவர்கள் சமுதாயத்தை மறந்துவிட்டனர் என்று அவர் வருந்தியதை நாம் அறிவோம். அவ்வருத்தத்தை நாம் நெடுநாளாய் வேறு எவர்க்கோ உரியதென்றே எண்ணியிருந்தோம்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. அரசியலமைப்பின் 17ஆம் விதி தீண்டாமையை ஒழித்தது. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைத்தல் 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டது. 2016இல் செய்யப்பட்ட திருத்தம் அவ்வயதினரை எவ்வகைத் தொழிலிலும் அமர்த்தலாகாது என்று விரித்தது. தாய்க்கு உதவியாக வரும் பிள்ளையின் கையில் துடைப்பத்தைக் கொடுப்போர் இதை அறிந்திருத்தல் நலம். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்க்கென 2007இல் நல வாரியம் அமைக்கப்பட்டது. நம் வீட்டில் வேலை செய்யும் அம்மையார் அதில் பதிவு செய்துகொள்ளவில்லை. அப்படியொன்று இருப்பதை அவர்க்கு எவரும் சொல்லவில்லை. அவ்வெவரும் என்பதில் தலைமையாசிரியராகிய நாமும் அடக்கம். இப்போது விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையைப் பற்றிப் புகார் எழுதச் சட்டம் துணை நிற்கும். வீட்டு அடுக்களைக்குள் வந்து டம்ளர்களைக் கவிழ்த்துப் பார்க்க எந்த அதிகாரியும் வரமாட்டார்.

புள்ளியிட்ட டம்ளர் இப்போது நம் வீட்டில் இல்லை. அதனால் எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல இயலவில்லை. துணைவியார் பிற டம்ளர் ஒன்றில் காப்பி கொடுத்த முதல்நாள் அவ்வம்மையார் அதைத் தொடவில்லை. "என்னுடையது எங்கே அம்மா?" என்று மூலையில் தேடினார். அதை எடுத்துவிட்டோம் என்றதும், ஏதோ குற்றம் செய்து வேலை போய்விட்டதோ என்று அஞ்சினார். இருவரும் ஒன்றாய் அமர்ந்து காப்பி அருந்த மூன்று வாரம் ஆயிற்று. இன்னும் அவர் நாற்காலியின் விளிம்பிலேயே அமர்கிறார்.

பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். பெயர்த்தி மறுபடியும் "அக்கா" என்கிறாள்; அவளுக்கு அது எளிது. ஆனால் அந்த ஒன்பது வயதுச் சிறுமி, அழைத்தாலன்றிக் கூடத்துக்குள் வருவதில்லை. வாயிற்படியில் நின்று நம் முகத்தைப் பார்க்கிறாள். அப்பார்வையை நாம் அறிவோம். மறுநாளும் மறுவாரமும் அவ்வைக்கோற்போரின் அருகே நின்று நாம் பார்த்த பார்வை அது.

இச்சங்கத்தின் மாலை வகுப்புப் பட்டியலைச் சென்ற வாரம் வாங்கிப் பார்த்தோம். அலுவலர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். அவ்வலுவலர் வீடுகளில் வேலை செய்வோரின் பிள்ளைகள் இருவரே இருக்கின்றனர். கட்டணம் இல்லாத வகுப்பில் ஏன் இருவர் மட்டும் என்று பொறுப்பாளர்கள் ஆராயவேண்டும். உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தம் வீட்டு வேலைக்கு வரும் அம்மையாரிடம் இதைப் பற்றி ஒரு சொல் சொன்னார்களா என்று கேட்டால் விடை கிடைத்துவிடும்.

நம் வீட்டுக்கு வரும் அச்சிறுமி அடுத்த சனிக்கிழமை முதல் வகுப்புக்கு வர இசைந்திருக்கிறாள். நம் பெயர்த்தியும் உடன் வருகிறாள். வகுப்பு வேறாயினும் முதல் சில நாட்களுக்கேனும் இருவரையும் ஒரே பாயில் அமரச் செய்யுமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.